முதலில் எந்திரத்தைச் சோதியுங்கள், பிறகு மாணவரை

நீண்ட பதிவு. கணினியில் ஆய்வு செய்வோரும், அவர்களுக்கு நெறியாளராக இருப்போரும், துறையின் கொள்முதல் கோப்பில் கையொப்பமிடுவோரும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

"அன்றைக்குக் கிடைத்த தகவலின்படி அது சரியான குறிப்புத்தான்." மார்ச் மாதம் நடந்த ஆய்வு ஆலோசனைக் குழுவில் மூத்த பேராசிரியர் ஒருவர் சொன்ன வாக்கியம் இது. இதற்கு மறுமொழியாகவே எழுதுகிறேன். அங்கே மறுமொழி சொல்ல எனக்கு இடமில்லை. நான் அந்தக் குழுவின் முன் நின்ற மாணவி அல்லள், அவருக்குத் துணையாக வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள்.

நடந்ததைச் சொல்கிறேன். வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணிப்பு வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எனக்கு இரண்டாண்டு இளையவர், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர், என்னைத் 'தீதி' என்றழைப்பவர், எங்கள் ஆய்வகத்தில் மூலக்கூறு இயக்கவியல் உருவகங்களை நடத்துகிறார். அவருக்கென்று சென்ற ஆகஸ்டில் புதிய கணினி ஒன்று கட்டப்பட்டது. பதினாறு கருக்கள் கொண்ட செயலி, தலா 32 ஜி.பி. வீதம் நான்கு ரேம் குச்சிகள், ஒரு ஜி.பி.யு. விலைப்புள்ளிகளில் குறைந்ததைத் தந்தவர் உதிரிகளைக் கொணர்ந்து இங்கேயே பொருத்தினார். திரை ஒளிர்ந்தது, இயங்குதளம் ஏறியது, நிறுவல் சான்றிதழில் கையொப்பமாயிற்று. அன்று மாலை இனிப்பும் வழங்கினோம்.

செப்டம்பரிலிருந்து அவருடைய கணக்குகள் உடைந்தன. இத்துறையில் இல்லாதவர்களுக்காக ஒரு விளக்கம்: ஆயிரக்கணக்கான அணுக்களின் மீதான விசைகளைக் கணித்து, ஒவ்வோர் அணுவையும் இரண்டு ஃபெம்டோநொடிக்கு உரிய தொலைவு நகர்த்தி, மறுபடி விசைகளைக் கணிப்பதே இம்முறை. இதைக் கோடிக்கணக்கான முறை செய்ய வேண்டும். இடையில் ஓர் எண் பிசகினாலும் இரண்டு அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், விசை எல்லையின்றிப் பெருகும், அமைப்பு சிதறும். 'வெடித்துவிட்டது' என்பது எங்கள் வழக்கு. வெடித்தால் ஒவ்வொரு பாடநூலும் சொல்லும் காரணங்கள் மூன்று: நேரப்படி பெரிது, தொடக்க அமைப்பு சரியில்லை, விசைப்புல அளபுருக்கள் தவறு. மூன்றும் மாணவரின் தவறுகள். எந்திரத்தின் தவறு அந்தப் பட்டியலிலேயே இல்லை.

அவர் நேரப்படியைப் பாதியாக்கினார். கணக்கின் காலம் இரட்டித்தது, வெடிப்பு நிற்கவில்லை. தொடக்க அமைப்பை ஐந்து முறை புதிதாகக் கட்டினார். அளபுருக்களை வரிவரியாகச் சரிபார்த்தார். இவை போதாதென்று, வாரத்துக்கு இரண்டு மூன்று இரவுகள் கணினி தானாகவே அணைந்து கிடந்தது. காலையில் வந்து பார்ப்பார். இரவு இரண்டு மணியோடு பதிவேடு அறுந்திருக்கும். டிசம்பர்க் கூட்டத்தில் காட்டுவதற்கு அவரிடம் ஒரு வரைபடமும் இல்லை. 'கணினியில் ஏதோ கோளாறு இருக்கலாம்' என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது, குழு உறுப்பினர் ஒருவர் இந்திப் பழமொழி ஒன்றைச் சொல்லிச் சிரித்தாராம்: ஆடத் தெரியாதவளுக்கு முற்றம் கோணல். தமிழிலும் இதே பழமொழி உண்டு. கூடம் உண்மையில் கோணலா என்று நூல் பிடித்துப் பார்க்கச் சொல்லும் பழமொழி இரு மொழியிலும் எனக்குத் தெரிந்து இல்லை.

'முன்னேற்றம் நிறைவளிக்கவில்லை' என்று குறிப்பெழுதினர். இரண்டாண்டு நிறைவில் இளநிலை ஆய்வு உதவித்தொகையிலிருந்து முதுநிலைக்கு உயர வேண்டியவர் அவர். 37,000 ரூபாய் 42,000 ஆக வேண்டிய இடத்தில் அந்தக் குறிப்பு வந்து விழுந்தது. ஐந்தாயிரம் ரூபாய் பேராசிரியர்களுக்குப் பெரிய தொகையாகத் தோன்றாமலிருக்கலாம். ஊருக்கு மாதந்தோறும் பணம் அனுப்புகிறவருக்கு அது என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பிப்ரவரியில் இரண்டு இரவுகளில் காரணத்தைக் கண்டோம். நான்கு மாதம் போனது காரணம் சிக்கலானது என்பதனால் அன்று. யாரும் தேடவில்லை, அவ்வளவுதான். எப்படிக் கண்டோம் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் இன்னொருவருக்கு அதுதான் தேவைப்படும்.

ஒரு கணினி எப்படி விழுகிறது என்பதே முதல் சான்று. பதிவேடு பாதி வரியில் அறுந்து, அணைப்பதற்கான எந்த வரியும் இல்லாமல் முடிந்திருந்தால், இயங்குதளத்துக்கே தெரியாமல் மின்சாரம் போயிருக்கிறது. செயலி சூடேறினால் அது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசி எல்லையைத் தாண்டினால் மட்டுமே அணையும். ஆகவே அணைவதற்கு முந்தைய நிமிடங்களின் வெப்பநிலையைப் பதிந்துவைத்தால் வெப்பமா மின்சாரமா என்பது விளங்கிவிடும். அணைந்தபின் முன்பக்கப் பொத்தானை அழுத்தியும் எழாமல், பின்பக்க விசையை நிறுத்திப் போட்டால்தான் எழுகிறது என்றால், எஸ்.எம்.பி.எஸ். தன் பாதுகாப்புச் சுற்றைப் பூட்டிக்கொண்டிருக்கிறது. எந்திரம் உயிரோடிருக்க நிரல் மட்டும் சாகிறது என்றால் அது வேறு கதை. ஒரே இடத்தில் சாகும் நிரலில் நிரல் பிழையைத் தேடுங்கள்; ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் சாகிறது, வேறு நிரல்களும் அப்படியே சாகின்றன என்றால் எந்திரத்தைத் தேடுங்கள். (தொடக்க மதிப்பு தராத மாறிகளும் இழைகளுக்கிடையிலான முந்துபோட்டியும் இதே அறிகுறியைக் காட்டக்கூடும் என்பதை அறிவேன், அதனால்தான் 'வேறு நிரல்களும்' என்று சேர்த்தேன்.)

எங்கள் கணினிக்கு இரண்டு நோய்கள் இருந்தன. ஒன்றின் அறிகுறியை மற்றொன்றன்மேல் ஏற்றிப் பார்த்ததே நான்கு மாதக் குழப்பம்.

இரவில் அணைந்ததற்குக் காரணம் யூ.பி.எஸ். விற்பனையாளரின் தொழில்நுட்பர் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினார், 750 வாட்டுக்குப் பதில் 850. அணைவது நிற்கவில்லை. பிறகு 'மதர்போர்டு போயிருக்கும் மேடம்' என்றார். யூ.பி.எஸ்.ஸின் பின்புற ஒட்டியை எவரும் படிக்கவில்லை: 1 கே.வி.ஏ., 600 வாட். ஆயிரம் என்ற எண்ணைக் கண்டு ஆயிரம் வாட் என்று கோப்பில் எழுதியிருக்கிறார்கள். உண்மையில் அது முந்தைய கணினிக்காக வாங்கியது. பழைய எந்திரம் நூற்றைம்பது வாட் இழுத்தது, புதியது முழுச் சுமையில் அறுநூற்று நாற்பது. எங்கள் கட்டடத்தில் இரவில் மின்வாரிய இணைப்பும் ஜெனரேட்டரும் மாறும் கணத்தில் விளக்கு ஒருமுறை சிமிட்டும். தூங்குகிறவர் எவரும் அறியார். அந்தக் கணத்தில் யூ.பி.எஸ். மொத்தச் சுமையையும் தன் தலையில் ஏற்று, தாங்காமல் விடுகிறது. இதைக் கண்டறியச் செய்தது இவ்வளவுதான்: பகலில் கணினியை முழுச் சுமையில் ஓடவிட்டு, யூ.பி.எஸ்.ஸின் செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கினோம். ஒரு நொடியில் இருண்டது. இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம்.

செருகியைப் பிடுங்கும்போது என் புறங்கை கணினிப் பெட்டியில் பட்டு, மெல்லிய அதிர்ச்சி. 'ஸ்டாட்டிக்' என்று தொழில்நுட்பர் முன்பே விளக்கம் தந்திருந்தார். நிலைமின்சாரம் ஒருமுறை சுண்டிவிட்டுப் போகும். இது விரலை வைத்திருக்கும் வரை ஊர்ந்துகொண்டே இருந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவு வடிகட்டியில் இரு கம்பிகளிலிருந்தும் உலோகப் பெட்டிக்கு மின்தேக்கிகள் உண்டு. எர்த் இணைப்பு இல்லாவிட்டால் பெட்டி 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதியில் மிதக்கும். சுவரில் மூன்று துளை இருந்தது. மூன்றாம் துளைக்குப் பின்னால் கம்பி இருக்கவில்லை. மூன்று துளையைப் பார்த்து எர்த் இருக்கிறது என்று நம்புவது, கையொப்பத்தைப் பார்த்துக் கணினி சோதிக்கப்பட்டது என்று நம்புவதற்கு ஒப்பானது. இதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மின்பணியாளர் ஒரு மணி நேரத்தில் கம்பி இழுத்தார்.

கணக்குகள் வெடித்தது மற்றொரு நோய். அதுதான் கொடியது.

'ஒரே உள்ளீட்டை மூன்று முறை ஓட்டினால் மூன்று விடை வருகிறது' என்று அவர் அக்டோபரிலேயே நெறியாளரிடம் சொல்லியிருக்கிறார். 'இணைக்கணிப்பில் கூட்டலின் வரிசை மாறும், முழுமையாக்கப் பிழை மாறும், அமைப்பு ஒழுங்கற்றது, பாதைகள் விலகத்தான் செய்யும்' என்பது அவருக்குக் கிடைத்த விடை. அந்த விடை உண்மை. உண்மையான விடை ஒன்று தவறான இடத்தில் சொல்லப்பட்டால் அது பொய்யைவிட நீண்ட காலம் தாங்கும் என்பதை இங்கே கண்டேன். ஏனெனில் அதைப் பிரித்தறியும் வழி இருக்கிறது. நாங்கள் பயன்படுத்தும் குரோமாக்ஸ் நிரலில் மறுநிகழ்வுக்கான விருப்பம் உண்டு, ஜி.பி.யு. இல்லாமல், ஒற்றை இழையில், அந்த விருப்பத்தோடு ஓட்டினால், அதே எந்திரத்தில் அதே உள்ளீட்டுக்குக் கடைசி இருமம் வரை ஒரே விடை வந்தாக வேண்டும். முழுமையாக்கப் பிழைகூட ஒரேபோல் வர வேண்டும்.

பதினாறு கருக்களுக்கும் ஒரே கணக்கைத் தனித்தனியே கொடுத்து ஒரே நேரத்தில் இரவு முழுதும் ஓடவிட்டோம். காலையில் பதினாறு கோப்புகளின் சரிபார்ப்புத் தொகைகளை அடுக்கினோம். பதின்மூன்று ஒன்றாக இருந்தன. மூன்று மாறியிருந்தன.

அந்த மூன்றில் ஒன்று மட்டுமே வெடித்திருந்தது. மற்ற இரண்டும் ஒழுங்காக ஓடி, ஒழுங்காக முடிந்து, பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத தவறான விடையைத் தந்திருந்தன. இந்த வரியை நெறியாளர்கள் இரண்டாம் முறை படிக்க வேண்டுகிறேன். நான்கு மாதமாக நாங்கள் வெடித்தவற்றை எண்ணி வருந்திக்கொண்டிருந்தோம். வெடிக்காதவற்றை வைத்து ஒரு கட்டுரை எழுதியிருப்போம்.

இரண்டாம் இரவு, அதே சோதனையைத் திரும்ப ஓட்டியதில் வேறு கருக்கள் பிசகின. ஒரு குறிப்பிட்ட கரு பழுது என்றால் அதே கருதான் ஒவ்வொரு முறையும் பிசக வேண்டும். இடம் மாறுவதால் எல்லாக் கருக்களுக்கும் பொதுவான ஒன்றை ஐயுற்றோம். மெம்டெஸ்ட் மூன்றாம் மணியில் சிவப்பு வரிகளைக் காட்டியது. பயாஸுக்குள் சென்று பார்த்தால், ரேம் பெட்டியின்மேல் அச்சிட்ட 6000 என்ற வேகத்துக்கான சுயவிவரம் இயக்கப்பட்டிருந்தது. செயலியின் விவரக்குறிப்பில் நான்கு குச்சிகளுக்கு உரிய வேகம் 3600. அவ்வேகத்துக்கு இறக்கியதும் மெம்டெஸ்ட் பதினெட்டு மணி நேரம் பிழையின்றி ஓடியது. பதினாறு சரிபார்ப்புத் தொகைகளும் ஒன்றாயின. அன்றிலிருந்து ஒரு கணக்கும் வெடிக்கவில்லை.

ரேம் பழுதில்லை. செயலி பழுதில்லை. பெட்டியில் அச்சிட்ட எண்ணைத் தருவது வாடிக்கையாளருக்குச் செய்யும் நன்மை என்று எண்ணிய யாரோ, அது செயலியின் எல்லைக்கு அப்பாற்பட்ட ஓட்டம் என்பதை அறியாமல், ஒரு விசையைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். இவ்வகை மேசைக் கணினிகளின் ரேமில் ஈ.சி.சி. எனும் பிழைதிருத்தம் இல்லை. 'டி.டி.ஆர்.5-இல் அது உள்ளுக்குள்ளேயே இருக்கிறது' என்று விற்பனையாளர் சொல்வார். அது சில்லுக்குள் நேரும் பிழைக்கு மட்டும், சில்லுக்கும் செயலிக்கும் இடைப்பட்ட வழியில் நேரும் பிழைக்கு அன்று. எங்கள் பிழை வழியில் நேர்ந்தது. எனவே பதிவேட்டில் ஒரு சொல்லும் இல்லை.

'இது உங்கள் ஆய்வகத்தின் விபத்து, இதற்கு இவ்வளவு பெரிய பதிவா' என்று கேட்போருக்காகச் சற்று வரலாறு.

1994-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். புதிதாகச் சேர்த்த பென்டியம் கணினி தந்த தொகை பொருந்தவில்லை. ஜூனில் முரண்பாட்டைக் கண்ட அவர், தன் நிரல், மொழிபெயர்ப்பி, தாய்ப்பலகை என ஒவ்வொன்றாக நீக்கி, அக்டோபரில்தான் செயலியைக் குற்றவாளி என்று உறுதிசெய்தார். கணிதப் பேராசிரியருக்கே நான்கு மாதம். 824633702441 என்ற எண்ணின் தலைகீழியைச் செயலி தவறாகக் கணித்தது. வகுத்தலுக்கான அட்டவணையில் ஐந்து மதிப்புகள் விடுபட்டிருந்ததே காரணம். இன்டெல் அந்தக் கோடையிலேயே பிழையை அறிந்திருந்தது. செய்தி பரவியபின் நிறுவனம் எடுத்த முதல் நிலைப்பாடு என்ன? சராசரிப் பயனருக்கு இப்பிழை 27,000 ஆண்டுக்கு ஒருமுறை நேரும். தமக்குத் தேவை என்று மெய்ப்பிப்போருக்கு மட்டும் மாற்றித் தருவோம். மெய்ப்பிக்கும் சுமை பயனர்மேல். டிசம்பரில் ஐ.பி.எம். அச்செயலி கொண்ட கணினிகளை அனுப்புவதை நிறுத்திய பிறகே கேட்டவர்க்கெல்லாம் மாற்றித் தர ஒப்புக்கொண்டது, 47.5 கோடி டாலர் செலவெழுதியது. 2016 ஜனவரியில் ஸ்கைலேக் செயலிகளில் அதே நிறுவனம் ஒப்புக்கொண்ட உறைதல் பிழையைக் கண்டவர்களும் பகா எண் தேடுவோரே. தன் விடையைத் தானே சரிபார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இருமுறையும் கண்டார்கள்.

அண்மைக் கதை இன்னும் பொருத்தமானது. இன்டெல்லின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை மேசைச் செயலிகளில் உயர்நிலையானவற்றை வைத்துப் புதிதாகக் கணினி கட்டியவர்களுக்கு விளையாட்டுகள் பாதியில் விழுந்தன. திரையில் வந்த செய்தி: 'காட்சி நினைவகம் போதவில்லை.' ஜி.பி.யு.வை மாற்று, இயக்கியை மாற்று, மென்பொருளை மறுபடி நிறுவு என்ற அறிவுரைகள் குவிந்தன. காட்சி நினைவகத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஊடில் என்ற சுருக்க நிரலகத்தை உருவாக்கியவர்கள் 2024 தொடக்கத்தில், பிழை எங்கள் நிரலில் இல்லை, செயலியில் இருக்கிறது என்று வெளிப்படையாக எழுதினர். சுருக்கியதை விரிக்கும்போது தரவு சரிதானா என்று அந்த நிரல் சோதிப்பதால் பிழை அங்கே பிடிபட்டது. முதலில் பழி தாய்ப்பலகைகள்மேல் விழுந்தது. அதிலும் நியாயம் இருந்தது. 253 வாட் என்று குறித்த செயலிக்கு 4096 வாட் எல்லை வைத்து, அதாவது எல்லையே இல்லை என்று வைத்து, அதையே இயல்புநிலை என்று விற்றார்கள். ஆனால் ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது: செயலிக்குள் உள்ள மைக்ரோகோடே தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்கிறது. ஆகஸ்டில் திருத்தம், உத்தரவாதத்துக்கு மேலும் இரண்டு ஆண்டு. செப்டம்பரில் மூலக்காரணம் – மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் கருவுக்குள் கடிகாரத் துடிப்பைப் பகிரும் சுற்று விரைந்து முதுமையடைகிறது. ஏற்கெனவே முதுமையடைந்த செயலியைத் திருத்தம் குணப்படுத்தாது.

முதல் செயலி விற்பனைக்கு வந்தது 2022 அக்டோபரில். இடைப்பட்ட ஏறத்தாழ இரண்டாண்டுகளில் எத்தனை மாணவர்களிடம் 'உன் நிரலைப் பார்' என்று சொல்லியிருப்பார்கள்?

பெருநிறுவனங்கள் தம் எந்திரங்களை நம்புவதை எப்போதோ விட்டுவிட்டன. 2021-இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் ஒரு செயலியின் ஒரே ஒரு கரு, 1.1-இன் 53-ஆம் அடுக்கின் முழுவெண் பகுதியை 156 என்று தராமல் சுழியம் என்று தந்ததைக் காட்டினர். 52-ஆம் அடுக்கை அதே கரு சரியாகத் தந்தது. கோப்பின் அளவு சுழியம் என்று கணித்ததால் கோப்புகள் காணாமற்போயின. பிழைச் செய்தி எதுவும் இல்லை. அதே ஆண்டில் கூகுள் பொறியாளர்கள், சில ஆயிரம் எந்திரங்களுக்குச் சில கருக்கள் வீதம் இப்படிப் பிசகுவதாக எழுதினர். அவை தொழிற்சாலையில் சோதித்து, வழங்கிக் கூடங்களில் பேணப்படும் எந்திரங்கள். நாமோ உதிரிகளை அட்டைப்பெட்டியில் வாங்கி, கோடையில் நாற்பத்தைந்து பாகை தொடும் ஊரில், எர்த் இல்லாத சுவரில் செருகிவிட்டு, பதினைந்து இலக்கம் வரை விடையை நம்புகிறோம்.

இனி எனக்குச் சொல்லப்பட்ட எதிர்வாதங்கள்.

'நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை நிரலில்தான் பிழை.' ஒப்புக்கொள்கிறேன். ஆண்டுக்கணக்கில் ஓடிய எந்திரத்துக்கு இந்த ஊகம் நியாயமானது. நேற்றுக் கட்டிய எந்திரத்துக்கு ஏன் அதே ஊகம்? அதன் மீது எந்தச் சான்றும் இன்னும் சேரவில்லையே. மேலும், ஊகம் வேறு, சோதனை வேறு. சோதனைக்கு ஓர் இரவு போதும். சோதிக்காமல் நான்கு மாதம் ஊகத்தின்மேல் உட்கார்ந்திருந்ததை அறிவியல் மனப்பாங்கு என்று சொல்லாதீர்கள்.

'நாங்கள் வேதியியலாளர்கள், வன்பொருள் எங்கள் வேலை அன்று.' எங்கள் தளத்திலேயே, மூன்று அறை தள்ளி, துலாக்கோல் ஒன்றும் பி.எச். அளவி ஒன்றும் உள்ளன. இரண்டின்மேலும் கடைசியாக அளவீடு திருத்திய நாள் எழுதிய ஒட்டி இருக்கிறது. தேதி தாண்டிய துலாக்கோலில் நிறுத்த எடையை ஆய்வேட்டில் எழுதினால் இதே பேராசிரியர்கள் அந்தப் பக்கத்தை அடித்துவிடுவார்கள், அடிப்பதும் சரியே. துலாக்கோலைச் செய்யத் தெரிந்தவர்கள் இல்லை அவர்கள். அதைச் சந்தேகிக்கத் தெரிந்தவர்கள். கணினி ஓர் அளவைக் கருவி என்ற எண்ணமே நமக்கு வரவில்லை. மேசை நாற்காலியோடு சேர்த்து இருப்புப் பதிவேட்டில் எண் போட்டுவிடுகிறோம். ஆய்வுமுறை இயலில் விசைப்புலத்தின் பதிப்பு எண்ணை எழுதாவிட்டால் மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்புகிறார். ரேமின் வேகத்தையோ மைக்ரோகோடின் பதிப்பையோ எவரும் கேட்பதில்லை, நாமும் எழுதுவதில்லை.

'உத்தரவாதம் இருக்கிறதே.' உத்தரவாதம் செத்த உதிரிக்கு. பொய் சொல்லும் உதிரிக்கு அன்று. 'டிஸ்ப்ளே வருதே மேடம்' என்ற ஒரு வாக்கியத்தில் அவர்கள் வழக்கை முடித்துவிடுவார்கள். அவர்களையும் முழுதாகக் குறை சொல்ல மனமில்லை. குறைந்த விலைப்புள்ளியில் ஒரு மணி நேரச் சோதனைக்கும் கூலி இல்லை. அந்தத் தொழில்நுட்பர் முதல் நாள் திரை சில நிமிடம் இருண்டிருந்ததைக் கண்டு மூன்று முறை அணைத்துப் போட்டதும் நினைவிருக்கிறது. டி.டி.ஆர்.5 முதல் முறை எழும்போது நினைவகத்தைப் பழக்கிக்கொள்ள அவ்வளவு நேரம் எடுக்கும், காத்திருந்தால் போதும். அதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மாணவருக்கும் நேரப்படியைத் தவிர வேறெதையும் நாம் சொல்லித்தரவில்லை.

நண்பர்கள் சிலர், 'ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போ, எதில் சரியாகிறதோ அதுதான் குற்றவாளி' என்று அறிவுறுத்துவார்கள். எங்கள் விற்பனையாளர் அதைத்தான் செய்தார். உதிரி எதுவும் பழுதாகாத எந்திரத்தில் எதை மாற்றினாலும் சரியாகாது. எல்லாவற்றையும் மாற்றினாலும் அதே நான்கு குச்சிகள், அதே 6000, அதே யூ.பி.எஸ்.

ஆகவே பேராசிரியரின் வாக்கியத்துக்கு வருகிறேன். 'அன்றைக்குக் கிடைத்த தகவல்' என்கிறீர்கள். தகவல் மழைபோல் தானாகக் கிடைப்பதில்லை. ஒருவர் கேட்டால் கிடைக்கிறது. அந்த அறையில் அதைக் கேட்கும் அதிகாரம் உடையவர்கள் நால்வர் இருந்தீர்கள். அதிகாரமில்லாத ஒருவர் கேட்டார். அவரிடம்தான் பழமொழி சொன்னீர்கள். 27,000 ஆண்டு என்று சொன்ன நிறுவனமாவது பிற்பாடு தன் சொல்லைத் திரும்பப் பெற்றது.

நான் கேட்பது சிறிது. நிறுவல் சான்றிதழில் கையொப்பமிடும் முன், விற்பனையாளருக்குப் பணம் போகும் முன், ஓர் இரவு மெம்டெஸ்ட், ஓர் இரவு பிரைம்95 போன்று விடையைச் சரிபார்க்கும் சுமைச் சோதனை, முழுச் சுமையில் யூ.பி.எஸ். செருகியை ஒருமுறை பிடுங்குதல், எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையில் மல்டிமீட்டர். இவற்றின் முடிவைத் தேதியோடு கணினியின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கையொப்பமிட்ட பிறகு உங்கள் கையில் பிடி எதுவும் இருக்காது. எங்கள் ஆய்வகத்துக்கு அடுத்து வரவிருக்கும் கணினியின் கோப்பில் இந்நிபந்தனையை எழுதிக் கொடுத்தேன். 'எந்த விதியின் கீழ்?' என்ற கேள்வியோடு அது திரும்பி வந்திருக்கிறது. விதி தேடிக்கொண்டிருக்கிறேன், வேறு நிறுவனங்களில் ஏற்பு முன்சோதனையை ஒப்பந்தப்புள்ளியில் எழுதியவர்கள் அந்த வாசகத்தை எனக்கு அனுப்பினால் நன்றியுடையவளாவேன்.

டிசம்பர்க் குறிப்பை நீக்கக் கோரும் மனு இப்போது துறைத்தலைவர் மேசையில் இருக்கிறது. மாணவி எழுதியது ஒன்றரைப் பக்கம். இணைப்பு ஒரே ஒரு தாள்: பதினாறு வரிகள், வரிக்கு ஒரு சரிபார்ப்புத் தொகை, அவற்றில் மூன்றின் கீழ் சிவப்பு மையில் கோடு.